டிரஸ்ஸர் அண்ணனின் வெள்ளரிசிக் கணக்கு

மலேரியாவுக்குக் கொய்னாத் தண்ணீர் கொடுக்கும் நாளென்றால் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ரப்பர்ப் பால் மரங்களுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாயில் வாங்கி வைத்திருந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அடுத்த ஆளிடம் நகர்ந்ததும் காலடியில் துப்பிவிடுவார்கள். காய்ச்சல் யாரையும் விட்டுவைக்காத காலம் அது. அதனால் எங்கள் டிரஸ்ஸர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றதும், பாட்டிலைக் குலுக்கி, முதல் குவளையை எல்லார் முன்னாலும் தானே குடிப்பார். கசப்பை மறைக்க அவருக்குத் தெரியாது. அந்த உருண்டை முகம் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும்.

"கசக்குது. ரொம்பக் கசக்குது. நான் முழுங்கிட்டேன், இப்ப நீ முழுங்கு."

அதற்குப் பிறகு துப்புவதற்கு யாருக்கும் மனம் வராது.

நான் மலாயாவில் அந்தத் தோட்டத்துக்கு வாழ வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். ஈப்போவிலிருந்து குனோங் ராபாட் மலைகளைச் சுற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் உள்ளே போக வேண்டும். என் கணவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் வீட்டுக்கும் டிரஸ்ஸர் வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான். அவரை அண்ணே என்றேன், அவர் மனைவியை அக்கா என்றேன். முறைப்படி பார்த்தால் அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். கடல் கடந்து வந்த இடத்தில் யார் முறை பார்த்தார்கள்? அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னை 'தங்கச்சி' என்று கூப்பிட்ட முதல் நாளே அண்ணன் கேட்ட கேள்வி, "பசியாறிட்டியா?" என்பதல்ல. "என்ன வச்சுப் பசியாறினே?" என்பது.

அவர் நல்ல கனம். சைக்கிளில் ஏறினால் சைக்கிள் ஒரு முனகல் முனகும். சாப்பாட்டில் அத்தனை ஆசை. அக்கா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்த அன்று வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே தெரிந்துவிடும், வாசனையால் அல்ல, அவர் பாடுவதால்.

தனக்குச் செய்து பார்க்காத எதையும் அவர் அடுத்தவருக்குச் செய்ததில்லை. அது அவருக்கு ஒரு வெறி மாதிரி. அம்மை குத்த ஆட்கள் பயந்தபோது, தன் கையிலேயே மறுபடி குத்திக் காட்டினார். அந்தக் கையில் தழும்புக்கு மேல் தழும்பு. புதிதாக ஒரு பூச்சி மருந்து வந்தது. அதையும் குடித்துவிட்டு, இரண்டு நாள் படுக்கையில் சுருண்டு கிடந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"வயித்துல பூச்சி இருக்கிறவனுக்குக் கொடுக்கிற மருந்து அது. உங்களுக்கு எதுக்கு?"

"எப்படி வலிக்கும்னு தெரியாம எப்படிடி அடுத்தவனைக் குடின்னு சொல்றது?"

அப்படிப்பட்டவரை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் வெள்ளைக்கார டாக்டர் ஒருநாள் நிற்க வைத்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். எடையைக் குறைக்காவிட்டால் இருதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில் பங்களாவில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசானி அம்மாளும் உடம்பு இளைக்க ஏதோ செய்துகொண்டிருந்தார். அதற்கென்று சீமையிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்திருந்தார். அண்ணன் அதை இரவல் வாங்கிவந்து படித்தார். படித்த மறுநாள் வேலியோரம் நின்று எனக்கும் அக்காவுக்கும் ஒரு பிரசங்கமே நடத்தினார்.

"ஒவ்வொரு தீனியிலயும் கலோரின்னு ஒண்ணு இருக்கு. அடுப்புக்கு விறகு மாதிரி, உடம்புக்கு அது. அதிகமா போட்டா மிச்சம் கொழுப்பாயிடும். அளந்து போட்டா உடம்பு தானா எளைக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்."

"என்ன கோளாறு அது?" என்றார் அக்கா.

"கோளாறு இல்லடி, கலோரி."

அன்றிலிருந்து அக்கா அதைக் கோளாறு என்றே சொன்னார். தெரிந்தேதான் சொன்னார்.

மருந்து நிறுக்கும் சின்னத் தராசு வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்தது. சோற்றை நிறுத்தார், சீனியை நிறுத்தார். எல்லாக் கணக்கையும் மனதிலேயே போடுவார், அதில் அவர் புலி. கணக்கு அவரை எங்கே கொண்டுபோனது என்றால், எண்ணெயும் கொழுப்பும் உள்ளதிலெல்லாம் கலோரி அதிகம். ஆகவே கறி வேண்டாம், தேங்காய் வேண்டாம், நிலக்கடலை வேண்டாம், முட்டை வேண்டாம். பருப்புகூடத் தேவையில்லை. ஒரு கை கடலைக்கு உள்ள கலோரியில் அதைவிட எவ்வளவோ பெரிய குவியலாகச் சோறு சாப்பிட்டுவிடலாமே? வயிறும் நிறைந்த மாதிரி இருக்கும். ஆக, அளந்த சோறு, அதன் மேல் தெளிந்த ரசம், சாயங்காலம் சீனி போட்ட தேத்தண்ணி, பிஸ்கோத்து மாதிரியான மேரி ரொட்டி இரண்டு. இதுதான் அவர் ஆகாரம்.

சோறு என்றால் வெள்ளரிசிச் சோறு. கிராணி, டிரஸ்ஸர் வீடுகளில் சயாம் வெள்ளரிசிதான் வழக்கம். மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். லயத்து ஆட்களுக்குத் தோட்டம் கொடுப்பது ரங்கூன் புழுங்கலரிசி. சிவந்த நிறமும் ஒரு வாடையுமாக இருக்கும். எங்கள் வீட்டுச் சோற்றின் வெள்ளையைப் பார்த்து எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

எடை குறைந்தது. அதை மறுக்க முடியாது. வாராவாரம் ஸ்டோருக்குப் போய், ரப்பர் நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நிற்பார். கழுத்துப் பட்டை தொளதொளத்தது. பங்களாவில் துரை எல்லாரிடமும் அவரைக் காட்டிப் பெருமை பேசினார்.

அந்த வருஷம் ரப்பருக்கு நல்ல விலை. ஆட்கள் கொஞ்சம் தலைநிமிர்ந்து பேசத் துணிந்தார்கள். அதில் முன்னால் நின்றவள் அஞ்சலை. அவள் பால் வெட்டுக்காரி, புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். யாருக்கும் பயப்படமாட்டாள். பெரட்டில் துரை முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

"கிராணி வீட்டுல வெள்ளரிசி வேகுது, எங்க வீட்டுல மட்டும் ஏன் தொரை இந்த நாத்தம் புடிச்ச அரிசி? எங்க புள்ளைங்களுக்கும் வாய் இருக்குல்ல?"

வரிசை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. துரை புதியவர், நல்லவர். அவர் டிரஸ்ஸரைத் திரும்பிப் பார்த்தார். மாற்றினால் ஆட்களின் பலம் குறையுமா என்று கேட்டார்.

அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரெண்டுலயும் கலோரி ஒண்ணுதான் துரை. ஒரு குறையும் வராது."

கைதட்டல். அடுத்த அரிசி வரும்போது வெள்ளரிசியே வரும் என்று துரை வாக்குக் கொடுத்தார். அஞ்சலை அன்று வெட்டுக்காட்டுக்குப் பாடிக்கொண்டே போனதாக என் கணவர் வந்து சொன்னார். அவள் கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் அண்ணன் பாடுவது நின்றுவிட்டது. முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம். அதில் பாதியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது பார்த்தால் சங்கிலியைச் சரி செய்கிற மாதிரி குனிவார். உள்ளங்கால் மரத்துப்போகிறது என்று அக்காவிடம் சொன்னாராம். ஒல்லியாக ஆனதால் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டாராம்.

அப்புறம் ஒருநாள் ஸ்டோரிலிருந்து கோபமாக வந்தார். எடை ஏறியிருந்தது.

"தராசுல கோளாறு" என்றார்.

"கோளாறு தராசுல இல்ல" என்றார் அக்கா.

அவர் கேட்கவில்லை. சோற்றை இன்னும் குறைத்தார். அடுத்த வாரம் எடை இன்னும் ஏறியது. மூட்டை நிறுக்கும் ஆளைக் கூப்பிட்டு, வேறு ஆட்களை ஏற்றி இறக்கித் தராசைச் சோதித்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. குறைத்துச் சாப்பிடச் சாப்பிட எடை கூடுகிறது. கணக்கில் புலியான மனிதர் முதல்முறையாகத் திகைத்து உட்கார்ந்ததை அன்று பார்த்தேன்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன், ஐந்தாறு மாதம். வாந்தி நின்றதா என்று விசாரிக்க வந்தவர். அக்கா பின்னாலேயே வந்து, "அதை விடுங்க, இதைப் பாருங்க தங்கச்சி, காலு சப்பாத்துக்குள்ள நுழைய மாட்டேங்குது இவருக்கு. ஆளு எளைக்கிறாரு, காலு மட்டும் பெருக்குது" என்றார்.

அண்ணன் அப்படியே நிமிர்ந்தார். காலுறையை இறக்கினார். காலுறையின் விளிம்பு பதிந்த இடத்தில் ஒரு பள்ளம், கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி. தன் கட்டைவிரலை முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி விழுந்திருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்பவே இல்லை.

"பெரிபெரி. தராசுல ஏறினது பூரா நீரு" என்றார்.

ஈயச் சுரங்கத்துச் சீன ஆட்களுக்கு அந்த வியாதி வரும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். கால் வீங்கி, மூச்சு முட்டி, நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போவார்களாம். அக்கா அழ ஆரம்பித்தார். அண்ணன் தன் காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈப்போ ஆஸ்பத்திரியில வேலை பழகுறப்ப எத்தனை காலை அமுக்கிப் பாத்திருக்கேன். அவங்க தின்னது வெறும் வெள்ளரிசி, அதுல சத்து தீட்டிப் போயிடுதுன்னு படிச்சுப் பரீட்சை எழுதினவன் நான். நம்ம ஆளுங்களுக்கு இது வராது, ஏன்னா புழுங்கல் திங்கிறோம்னு அதே பரீட்சையில எழுதினேன்." காலுறையை மறுபடி மேலே ஏற்றினார். "இத்தனை நாளா என்னைக் காப்பாத்தினது பருப்பும் கறியும். அதை நானே நிறுத்திட்டேன்."

சட்டென்று தலையைத் தூக்கி, "நீ என்ன அரிசி திங்கிறே?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். வேறு வீட்டுச் சமையல்கட்டில் அவர் நுழைந்தது அதுதான் முதல்தடவை. அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"தங்கச்சி, நாளையிலேருந்து புழுங்கல். கூடவே பச்சைப்பயறு. வயித்துல இருக்கிறதுக்கும் சேத்துச் சொல்றேன்."

அப்போதுதான் அவருக்கு அது முழுசாக உறைத்திருக்க வேண்டும். தோட்டம் முழுக்க எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள், எத்தனை கைக்குழந்தைகள். வெள்ளரிசி ஈப்போவிலிருந்து கிளம்பத் தயாராக இருந்தது. அவர் வாயால்தான் அது வருகிறது.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் பக்குவமாக ஒரு யோசனை சொன்னார்.

"ஆபீசுல துரைகிட்ட தனியா சொல்லிடுங்க. அரிசி கெடைக்கலன்னு நான் ஒரு காரணம் சொல்லி நிறுத்திடுறேன். உங்க பேரு வெளிய வராது."

"வேணாம் தம்பி."

"வேலை போயிடும் அண்ணே. துரையோட வாக்கையும் சேத்துக் கெடுக்கிறீங்க."

"அரிசி கெடைக்கலன்னா, கெடைச்சதும் கேப்பாங்க. கேக்கத்தானே செய்வாங்க? சரின்னு சொன்னது எல்லார் முன்னாடியும். தப்புன்னு சொல்றதும் அங்கதான்."

மறுநாள் விடியுமுன்னே அக்கா ஒரு கையையும் என் கணவர் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, அவர் பெரட்டுக்குப் போனார். கிராணி வீட்டுப் பெண்கள் பெரட்டுப் பக்கம் போவதில்லை. அன்று நான் போனேன். மலைகளின் மேல் வெளுப்பு தட்டியிருந்தது. ஆட்கள் வாளியும் பால் வெட்டும் உளியுமாக நின்றார்கள். துரை வந்து நின்றதும் அண்ணன் ஒரு பெஞ்சைக் கொண்டுவரச் சொன்னார். அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைக்க அவருக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.

"டிரஸ்ஸர், இது என்ன கூத்து?" என்றார் துரை.

"துரை, இதே எடத்துல நான் ஒண்ணு சொன்னேன். வெள்ளரிசியும் புழுங்கலும் ஒண்ணுதான்னு. அது தப்பு. அந்த அரிசியை மட்டும் தராசுல நிறுத்து நிறுத்துத் தின்னேன். கணக்குல ஒரு பிசகும் இல்ல. சோத்துலதான் பிசகு. ஆளு எளைச்சேன்னு நீங்க எல்லாரும் மெச்சினீங்க. உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

கட்டைவிரலை வைத்து அழுத்தினார். குழியைக் காட்டினார். முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பின்வரிசை முன்வரிசையைத் தள்ளியது.

அஞ்சலையின் முகம் கடுத்துப் போயிருந்தது. "அப்படின்னா எங்களுக்குப் பழைய நாத்த அரிசிதானா? நாங்க கேட்டதும் தொரைக்கு வலிக்குது, ஒங்களுக்குக் காலு வீங்குது. நல்லா இருக்கு அண்ணே நாயம்."

கூட்டம் முணுமுணுத்தது. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. இருந்தாலும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

"நீ கேட்டது நாயம்தான் ஆயி. நல்லது வேணும்னு கேட்டே. எது நல்லதுன்னு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இங்க வா. வந்து நீயே அமுக்கு."

அவள் வாளியை வைத்துவிட்டு வந்தாள். பால் கறை ஏறிக் கறுத்த விரல். அமுக்கினாள். எடுத்தாள். காத்திருந்தாள். மறுபடி வேறு இடத்தில் அமுக்கினாள். அவள் முகத்திலிருந்த கடுப்பு மெல்லப் போனது.

"வலிக்குதா அண்ணே?"

"வலிச்சாத் தேவலையே. ஒண்ணுமே தெரியல."

அப்புறம் நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை. துரை தன் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். குனிந்தார். அத்தனை ஆட்களும் பார்க்க, அந்த வெள்ளைக்காரர் எங்கள் டிரஸ்ஸரின் காலைத் தொட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

"அரிசி மாத்தம் இல்ல" என்றார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "வேற என்ன வேணும்?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "நல்ல புழுங்கலாக் குடுங்க. புழுத்தது வேணாம். கூடப் பருப்பும் கருவாடும்."

அது கிடைத்தது. உடனே இல்லை, என் கணவர் ஆபீசில் பலமுறை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஆனால் கிடைத்தது. அண்ணனைத் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கடுமையாகத்தான் பேசினாராம். அண்ணன் நின்று கேட்டுக்கொண்டாராம். வேலை போகவில்லை.

அவர் பிழைத்துவிடுவார் என்று முதல் சில நாட்கள் யாருக்கும் நிச்சயம் இல்லை. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். அக்கா ஈப்போவில் தவுக்கே என்று சொல்லும் சீன முதலாளி ஒருவரின் அரிசி ஆலையிலிருந்து தவிடு தருவித்தார். "பன்னிக்கும் வாத்துக்கும் வாங்குறது. என் புருஷனுக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, வாத்துன்னே சொல்லிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தவிட்டுக் கஞ்சி, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை. அஞ்சலை வெட்டு முடிந்து வரும்போதெல்லாம் ஒரு கட்டுக் கீரையை வேலியில் செருகிவிட்டுப் போவாள். வீக்கம் வடிய வடிய, ஒளிந்திருந்த எலும்பெல்லாம் வெளியே வந்தது.

ஒரு காலை வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. சுருதி சேராத பாட்டு. நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

எடை குறைக்கும் எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை. டாக்டர் சொன்னதும் உண்மைதானே? புழுங்கலரிசி, நிறையக் கீரை, பருப்பு, மீன், அளவாகக் கறி. சீனியும் மேரி ரொட்டியும் நின்றுபோயின. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதித் தூரம் நடப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, மெதுவாக இறங்கியது. மெலிந்துவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏற்றத்தில் நிற்காமல் வந்தார், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தொப்பையைத் தடவிக்கொண்டு, எவ்வளவு சாப்பிட்டால் இளைக்கலாம் என்று கேட்டு வந்தார்.

"எவ்வளவுன்னு அப்புறம் பாக்கலாம். என்னென்ன திங்கிறேன்னு மொதல்ல சொல்லு" என்றார் அண்ணன். கங்காணி சொல்லி முடிக்கவே வெகுநேரம் பிடித்தது.

எனக்கு மகன் பிறந்தான், கொழுகொழுவென்று. சில வருஷத்தில் அண்ணனுக்குப் பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒருமுறை ரயிலேறிப் பார்க்கப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட வைத்தார்கள். திரும்பும்போது ஸ்டேஷன்வரை வரப்பில் நடந்தே வந்தார், என் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு. மூச்சு வாங்கவில்லை. வழியில் களையெடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் நிமிர்ந்து அவருக்குக் கும்பிடு போட்டார்கள். அவர் முன்னால் போய்விட, ஒருத்தி என்னை நிறுத்தி, "எங்க டிரஸ்ஸரைப் பாக்க வந்தவங்களா?" என்று கேட்டாள்.

அந்த 'எங்க' எனக்குச் சுருக்கென்றது.

"ஒங்களுக்கு இப்பத்தான் வந்திருக்காரு. மொதல்ல எங்க டிரஸ்ஸர் அவரு" என்றேன்.

என் குரலிலிருந்த மிடுக்கைக் கேட்டு என் கணவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றுக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, அவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்ததை நான் அவளுக்குச் சொன்னேன். ரயிலைக் கிட்டத்தட்டத் தவறவிட்டோம்.